கலாம் பெற்ற 9,22,884 வாக்குகளை அளித்தவர்கள் யார்?

பாம்பன் மாலை வகுப்பு ஆசிரியை:
வணக்கம். பாம்பனில் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். 2002-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 9,22,884 வாக்குகளும், எதிர்த்து நின்ற இலட்சுமி சேகல் 1,07,366 வாக்குகளும் பெற்றனர் என்று பலகையில் எழுதினேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஒன்பது இலட்சம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்களே, எங்கள் பாட்டியை மட்டும் ஏன் டீச்சர் கூப்பிடவில்லை?" என்று கேட்டாள். சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சில ஆயிரம் உறுப்பினர்களிடமிருந்து இலட்சக் கணக்கு எப்படி வந்தது என்பதை விளக்க இயலவில்லை. துணைத் தலைவர், மாநிலங்களவை உறுப்பினர் தேர்தல்களும் இப்படித்தானா?

தொண்டி வழக்குரைஞர்:
அம்மா, அந்த எண் தலைக் கணக்கு அன்று, மதிப்புக் கணக்கு. மாநிலத்தின் 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால், அம்மாநில உறுப்பினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பு கிடைக்கும். தமிழ்நாட்டின் அன்றைய மக்கள்தொகை 4,11,99,168. உறுப்பினர்கள் 234 பேர். ஆகவே மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் அது 208, சிக்கிமில் வெறும் 7.

நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கும் வாக்குண்டு. இதை அந்தச் சிறுமியிடம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எல்லாச் சட்டமன்ற வாக்குகளின் மொத்த மதிப்பை அவர்களுக்குச் சமமாகப் பங்கிட்டதில், 2022 தேர்தலில் ஒருவருக்கு 700 வந்தது. நம் மாவட்டத்தின் நான்கு சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்தால் 704. பாட்டி போட்ட ஓட்டு அந்த 704-க்குள்தான் இருக்கிறது.

இன்னும் 1971-ஐயே பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைப் பொறுப்புடன் நிறைவேற்றிய மாநிலங்களின் எடை அதனாலேயே குறைந்துவிடக் கூடாது என்பதே காரணம். அதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன்.

கீழக்கரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
துணைத் தலைவர் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இடமில்லை. இரு அவைகளின் உறுப்பினர்களும், நியமன உறுப்பினர்கள் உட்பட, ஆளுக்கு ஒரு வாக்கு அளிக்கிறார்கள். 2025 செப்டம்பரில் சி.பி. இராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற்றார் என்றால், அளித்தவர்களும் 452 பேரே.

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள்; ஆறு ஆண்டுகளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஆறு இடங்களுக்குத் தேர்தல் வருகிறது. வாக்களிப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள்; வேட்பாளர்களை 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசைப்படி குறிப்பார்கள். 234 பேரும் வாக்களித்தால், 34 பேருடைய முதல் விருப்ப வாக்கைப் பெறுபவர் வென்றுவிடுவார். குடியரசுத் தலைவர் தேர்தல் இரகசிய வாக்கெடுப்பு. மாநிலங்களவைத் தேர்தலிலோ, 2003-இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு, கட்சி உறுப்பினர் தம் கட்சியின் முகவரிடம் சீட்டைக் காட்டியே வாக்களிக்க வேண்டும்.

தங்கச்சிமடம் வாசகர்:
குடியரசுத் தலைவர் தேர்தலிலும் உள்ள இந்த விருப்ப வரிசையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1969-இல் முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அடுத்த விருப்பங்களையும் எண்ணிய பிறகே வி.வி. கிரி வென்றார். நம் கடலுக்கு அக்கரையில் இலங்கையில் மக்களே நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கும் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024-இல்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ண நேர்ந்தது. அங்கே ஜனாதிபதி ஆட்சி அதிகாரத்தை நேரடியாகச் செலுத்துகிறார். இங்கே அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவரை நாடு முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது என்றே அரசியல் நிர்ணய சபை கருதியது. எனினும், பாட்டியை ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்வி நியாயமான கேள்விதான்.

பாம்பன் மாலை வகுப்பு ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமே என்று நான் சொன்னது பிழை. நாளை வகுப்பில் முதலில் அதைத் திருத்திவிட்டு, 4,11,99,168-ஐப் பிள்ளைகளையே வகுக்கச் சொல்லப் போகிறேன்.