தோப்பு வீட்டு குரூப்: பெரியப்பாவின் வெள்ளைத் திட்டு

கார்த்தி: தேனு, நீ மருத்துவக் கல்லூரியில் இருக்கிறாயே, அப்பாவின் கன்னத்து உள்பக்கம் டார்ச் அடித்து எடுத்த படம் போட்டிருக்கிறேன், பார். ஒரு மாதத்துக்கு மேலாக வெள்ளையாக ஒரு திட்டு, தேய்த்தாலும் போகவில்லை. காரம் பட்டால் எரிகிறதாம், ரசம் சோற்றில்கூட மோர் ஊற்றிச் சாப்பிடுகிறாராம், அம்மா இன்றைக்குத்தான் சொன்னாள்.

பெரியப்பா: சுண்ணாம்பு கூடிப்போய்ச் சுட்டிருக்கும். இதை ஊருக்கெல்லாம் படம் காட்டுவாயா? புகையிலையை விட்டு நாலு வருஷம் ஆயிற்று. இப்போது வெறும் வெற்றிலை பாக்கு.

செல்வி சித்தி: மாமா சொல்வது நிஜம்தான் தேனு, புகையிலை டப்பாவை அக்கா அப்போதே தூக்கி எறிந்துவிட்டாள்.

தேன்மொழி: பெரியப்பா, சுண்ணாம்புப் புண் இரண்டு வாரத்தில் ஆறியிருக்கும். வாய்த்தோல் கைகால் தோலைவிடச் சீக்கிரம் ஆறுகிற தோல். எச்சிலிலேயே அதற்கு மருந்து இருக்கிறது, இ.ஜி.எஃப் என்று ஒரு வளர்ச்சிப் புரதம். ஸ்டான்லி கோஹன் என்பவர் எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் குட்டிகளுக்கு ஊசி போட்டார், குட்டிகள் நாள் வருவதற்கு முன்பே கண்ணைத் திறந்துவிட்டன, பல்லும் முளைத்துவிட்டது. அதற்குத்தான் 1986-இல் நோபல்.

பெரியப்பா: நல்லதுதானே, அப்புறம் என்ன பயம்?

தேன்மொழி: அந்தப் புரதம் வந்து ஒட்டுவதற்கு செல்லின் மேல் ஒரு சுவிட்ச் இருக்கிறது, இ.ஜி.எஃப்.ஆர். அது தட்டப்பட்டால் உள்ளே ராஸ், எர்க் என்ற புரதங்கள் ஒன்றை ஒன்று எழுப்பிக்கொண்டே போய் "பெருகு" என்ற செய்தி செல்லின் உட்கரு வரைக்கும் போகும். புண் ஆறியதும் சுவிட்ச் அணைய வேண்டும். போன மாதம் ஸ்டார்ட்டரில் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு ராத்திரி பூரா மோட்டார் ஓடி வரப்பே உடைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அணையாவிட்டால் அந்தக் கதைதான். வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் அந்தச் சுவிட்சுகளே எக்கச்சக்கமாக முளைத்து நிற்கும். மரபணுவில் பழுது இருந்தால் "நிறுத்து" என்று சொல்ல வேண்டியது பி53 என்ற காவல் புரதம், பல பேருக்கு அதுவும் கெட்டிருக்கும்.

கார்த்தி: அப்போது இது அதுதானா?

தேன்மொழி: படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதுடா. வெள்ளைத் திட்டு எல்லாம் புற்றுநோய் கிடையாது, நிறைய அப்படியே நின்றுவிடும், சிலது மாறும். எது மாறும் என்று கண்ணால் தெரியாது, துளி சதை எடுத்து பயாப்சி பார்க்க வேண்டும். மாறிய பிறகு செல்லோடு செல்லை ஒட்டிவைக்கிற ஈ-கேடரின் குறைந்துவிடும், பிரிந்த செல்கள் அடிச்சவ்வைக் கரைத்துக்கொண்டு கழுத்து நெறிக்கட்டிக்குப் போகும். அதற்கு முன்னால் பிடிக்கத்தான் இவ்வளவு கத்துகிறேன்.

பெரியப்பா: ஆத்தூர்க்காரன் பாக்கு போடாமல் இருப்பானா? நம் தோப்புப் பாக்கு, மருந்து மாயம் அடிக்காதது.

தேன்மொழி: தோப்புப் பாக்கோ கடைப் பாக்கோ, கணக்கு ஒன்றுதான் பெரியப்பா. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வெளியிட்டுவிட்டது. பாக்கில் இருக்கிற அரிகோலின் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற இன்னொரு சிக்னல் புரதத்தைக் கிளப்பிவிடுகிறது, அது தோலுக்கு அடியில் நாராக கொலாஜனைப் போட வைக்கிறது, பாக்கில் இருக்கிற செம்பு அந்த நாரைக் கெட்டிப்படுத்துகிறது. கன்னம் தோல்வார் மாதிரி விறைத்து வாய் திறக்காமல் போவது அதனால்தான். சரி, இப்போதே ஒன்று செய்யுங்கள், மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் விட்டுப் பாருங்கள்.

செல்வி சித்தி: எனக்கு மூன்றும் போகிறது.

கார்த்தி: எனக்கும்.

செல்வி சித்தி: தேனு, ஒருவேளை அதுவாகவே இருந்தால் ஊசி மாத்திரையில் சரிபண்ண முடியாதா? அந்தச் சுவிட்சையே அணைக்கிற மருந்து வந்துவிட்டதாமே.

தேன்மொழி: வந்திருக்கிறது சித்தி. செடுக்ஸிமாப் ஊசி இ.ஜி.எஃப்.ஆரை வெளியிலிருந்து மூடும், எர்லோட்டினிப் மாத்திரை உள்ளே போய் அடைக்கும். முகமெல்லாம் பரு மாதிரி வரும், ஏனென்றால் தோலுக்கும் அதே சுவிட்ச்தான். ஆனால் ஒரு வழியை அடைத்தால் அந்தச் செல் பி.ஐ.3.கே என்ற பக்கத்து வழியில் செய்தி அனுப்பிவிடும், அதனால் அது மட்டும் போதாது. மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில், தலை கழுத்துப் புற்றுநோய் திரும்பி வந்தவர்களுக்கும் பரவியவர்களுக்கும் எர்லோட்டினிப் உட்பட மூன்று மலிவான மாத்திரைகளோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற நிவோலுமாப் ஊசியை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் என்றபோது நூற்றுக்கு 16 என்றிருந்தது, ஊசியும் சேர்ந்தபோது 43 ஆனது. பெரிய விஷயம்தான், கொண்டாடலாம், ஆனாலும் பாதிப் பேருக்கு மேல் வருஷம் தாண்டவில்லை, பாருங்கள். அந்தக் கட்டத்துக்குப் பெரியப்பா போகவே வேண்டாம்.

கார்த்தி: அப்பா? நீலக் குறி விழுந்து பத்து நிமிஷம் ஆச்சு.

பெரியப்பா: இரண்டு விரல்தான் போகிறது. இரண்டாவதும் இடிக்கிறது.

தேன்மொழி: எத்தனை நாளாக?

பெரியப்பா: பொங்கலுக்குக் கரும்பு கடிக்க முடியவில்லை. பல் போய்விட்டது என்று நினைத்தேன்.

செல்வி சித்தி: ஐயோ மாமா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா!

தேன்மொழி: வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கல்லூரிக்கு வந்துவிடுங்கள், எங்கள் மேடமே பார்ப்பார்கள். சாப்பிட்டுவிட்டே வரலாம், மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். பாக்கை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை பாக்கு வியாபாரி வருகிறானே.

கார்த்தி: நான் கோவையிலிருந்து வியாழன் ராத்திரியே வந்துவிடுகிறேன், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். சித்தி அப்பாவோடு போகட்டும்.

பெரியப்பா: சரி. எடை போடும்போது பக்கத்திலேயே நில். போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.