கொட்டகை சுவத்துல தாத்தா வண்டி

(குழு: தாத்தா வீடு)

காலை 7:12

அம்மா: யாராச்சும் போன எடுங்கப்பா
அம்மா: டிராக்டர் கொட்டகை சுவத்துல மோதி நிக்குது
அம்மா: யாருக்கும் ஒன்னும் ஆகல. சின்னவன் நல்லாதான் இருக்கான். கை மட்டும் நடுங்குது
அத்தை: ஐயோ
அத்தை: என்னாச்சு அண்ணி
நான்: அம்மா போட்டோ போடுங்க
அம்மா: 📷
நான்: இது கோழி
அம்மா: அவசரத்துல வந்துருச்சு
அம்மா: 📷
மாமா: சுவர் போச்சு. வண்டிக்கு அடி இருக்கா
அத்தை: மொதல்ல பையன கேளுங்க
தம்பி: எனக்கு ஒன்னும் இல்ல அத்தை. கீழ நின்னு ஸ்டார்டர் முனை ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் வெச்சு சேத்து ஸ்டார்ட் பண்ணேன் எப்பவும் போல. கியர்ல இருந்திருக்கு பாக்கல. ஒரே எகிறு. பின் சக்கரம் என் செருப்பு மேல ஏறிடுச்சு
அம்மா: செருப்பு இன்னும் டயருக்கு அடியிலதான் இருக்கு
நான்: கால் உள்ள இல்லல்ல??
தம்பி: இல்லக்கா
பெரியப்பா: நியூட்ரல் பாக்காம யாராவது ஸ்டார்ட் பண்ணுவாங்களா. எங்க காலத்துல கியர ஆட்டிப் பாத்துட்டுதான் சாவியத் தொடுவோம்
சித்தப்பா: உங்க காலத்துல அந்த வண்டிக்கு சாவி இருந்துச்சு அண்ணா
மாமா: 😂😂
அப்பா: 👍
அம்மா: எதுக்கு தம்ஸ் அப்
நான்: எப்படி நின்னுச்சு வண்டி?
தம்பி: சுவர்தான் நிறுத்துச்சு. இடிச்சு திணறி ஆஃப் ஆயிடுச்சு. இன்ஜின நிறுத்தற ஸ்டாப் கேபிள இழுக்கலாம்னு ஓடினேன், கேபிள் இல்ல கயிறுதான் இருக்கு, அதுவும் கையோட வந்துருச்சு
குட்டி: கயிறா
சித்தப்பா: அது டெம்ப்ரவரி
குட்டி: எப்ப கட்டினது பா
சித்தப்பா: நீ ஆறாவது படிக்கறப்ப
குட்டி: எனக்கு போன மாசம் வேல கெடச்சிருக்கு

_குட்டி குழுவின் பெயரை "டெம்ப்ரவரி" என மாற்றினார்_

பெரியப்பா: பேர மாத்து. தாத்தா பேர்ல இருக்கற குழு
அண்ணன்: யாரும் வண்டியத் தொடாதீங்க. நான் கெளம்பிட்டேன். பேட்டரி ஒயர மட்டும் கழட்டி வைடா, மைனஸ் மொதல்ல
தம்பி: சரிண்ணா

காலை 11:40

அண்ணன்: வந்து பாத்தேன். எல்லாரும் பொறுமையா படிங்க, ரெண்டாவது தடவ டைப் பண்ண மாட்டேன். சாவி போட்டா ஸ்டார்ட் ஆகலன்னுதான இத்தன வருசமா ஸ்க்ரூடிரைவர் போட்டுட்டு இருக்கோம், பேட்டரி வீக்குன்னு சொல்லி புது பேட்டரி வேற வாங்கினோம். பேட்டரில ஒன்னும் இல்ல, 12.6 வோல்ட் காட்டுது. சாவிலருந்து ஸ்டார்டர் மேல இருக்கற சோலினாய்டுக்கு, அதான் ஸ்டார்டருக்கு கரண்ட் விடற சுவிட்ச்சுக்கு, ஒரு சின்ன ஒயர் போகுது, சாவிய திருப்பிப் புடிச்சா அந்த ஒயர் முனைல கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் வரணும், இங்க 7தான் வருது. ஏன்னா நடுவுல மூணு எடத்துல ஒயர முறுக்கி டேப் சுத்தி வெச்சிருக்கு, டேப்புக்குள்ள செம்பு பச்சையா பூத்துப் போயிருக்கு, ஒரு எடத்துல வீட்டு ஃபேனுக்குப் போடற ஒயர். இதெல்லாம் சரியா இருந்தா ஸ்க்ரூடிரைவருக்கே வேல இல்ல. இன்னொன்னு, எர்த் ஒயர் பாடில சேர்ற எடத்துல நல்லா பளபளன்னு பெயின்ட் அடிச்சு அதுக்கு மேல போல்ட்ட முறுக்கிருக்காங்க. பெயின்ட் வழியா எப்படி கரண்ட் போகும். அதனாலதான் ஸ்டார்டர் எப்பவும் முக்கி முக்கி சுத்துச்சு. பேட்டரி மைனஸ்ல மீட்டரோட ஒரு முனை, ஸ்டார்டர் பாடில இன்னொரு முனை வெச்சு சுத்த விட்டா அரை வோல்ட்டுக்குள்ள நிக்கணும், 3 காட்டுது
மாமா: பெயின்ட் அடிச்சது யாரு
அத்தை: நீங்கதான்
மாமா: நானா
அத்தை: தாத்தா நெனவு நாளுக்கு பளிச்சுன்னு இருக்கணும்னு அடிச்சீங்களே. என் பொடவைல கூட பட்டுச்சு
மாமா: அப்ப நான் அழகுக்கு அடிச்சேன்
பெரியப்பா: மாப்ள கை வெச்சா அப்படித்தான்
மாமா: சரி பெரிய மச்சான். எல்லாம் நான்தான். தெர்மோஸ்டாட் கூட நான்தான் கழட்டினேனா?

_இந்த மெசேஜ் நீக்கப்பட்டது_

நான்: பெரியப்பா என்ன போட்டு அழிச்சீங்க
பெரியப்பா: கை பட்டுருச்சு
அண்ணன்: அதுக்கும் வரேன். மொதல்ல இது முக்கியம். கியர் பாக்ஸ் மேல ஒரு நியூட்ரல் சுவிட்ச் இருக்கு, கியர்ல இருந்தா சாவி போட்டாலும் ஸ்டார்டருக்கு கரண்ட் போகாது, அதுக்குத்தான் அது. அதுக்கு வர்ற ரெண்டு ஒயரையும் கழட்டி ஒன்னா முறுக்கி வெச்சிருக்காங்க. அதாவது தம்பி சாவியிலயே ஸ்டார்ட் பண்ணிருந்தாலும் வண்டி இதே மாதிரிதான் எகிறிருக்கும், என்ன, சீட்ல உக்காந்திருப்பான், கிளச்ச மிதிச்சிருப்பான். கீழ நின்னா ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுலதான நிக்கறோம். ஸ்க்ரூடிரைவர் வெச்சாலோ அந்த சுவிட்ச் நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, எல்லாத்தையும் தாண்டி நேரா மோட்டாருக்குப் போயிடும். இது ரெண்டும் சேந்துதான் இன்னிக்கு நடந்தது. யாரு முறுக்கினது?
அத்தை: சின்னண்ணா
சித்தப்பா: நான் இல்ல
பெரியப்பா: அந்த வண்டில ஒயர்னா நீதான்
சித்தப்பா: கயிறு நான். ஒயர் நான் இல்ல. ஃபேன் ஒயர் நான். முறுக்கினது நான் இல்ல
குட்டி: அப்பா நிறுத்துங்க எல்லாத்தையும் ஒத்துக்கறீங்க
அம்மா: உங்க சித்தப்பாதான் வெல்டிங்கும் பண்ணுனது
சித்தப்பா: அண்ணி வெல்டிங்க இதுல இழுக்காதீங்க அது இன்னும் நிக்குது
அண்ணன்: நிக்குது சித்தப்பா. வெல்டு நிக்குது, பக்கத்துல புதுசா விரிசல் வந்திருக்கு
அண்ணன்: 📷
சித்தப்பா: அழுக்கு அது
அண்ணன்: தொடச்சுட்டுதான் எடுத்தேன். முன் ஆக்சில தாங்கற பீஸ் அது, வார்ப்பிரும்பு. சாதா ராடு வெச்சு சூடு பண்ணாம அடிச்சா வெல்டு ஓரத்துல இரும்பு கண்ணாடி மாதிரி கடினமாயிடும், அப்புறம் அங்கதான் விரிசல் விடும். நல்லா சூடேத்தி நிக்கல் ராடு போட்டு மெதுவா ஆற விடணும். இந்த எடத்துக்கு நான் அதையும் பண்ண மாட்டேன், பீஸையே மாத்தணும்
சித்தப்பா: அன்னிக்கு ராத்திரி உழவு பாதில நின்னுச்சு. மழ வருது. உன் அப்பா லைட் புடிச்சுட்டு நிக்கறாரு. நிக்கல் ராடுக்கு எங்கடா போவேன்
அண்ணன்: தப்புன்னு சொல்லல சித்தப்பா. மறுநாள் சொல்லிருக்கலாம்
சித்தப்பா: மறுநாள் ஓடுச்சு
அப்பா: 👍

பிற்பகல் 1:25

அத்தை: 🎤 2:48
நான்: அத்தை டைப் பண்ணுங்க ஆபீஸ்ல இருக்கேன்
அத்தை: ஒன்னும் இல்ல. அந்த டிராக்டர வித்துரலாம்னு தாத்தா இருக்கறப்பவே சொன்னேன்னு சொன்னேன்
பெரியப்பா: விக்கற பேச்சு இங்க வேணாம்
அத்தை: ஏன் வேணாம். நானும் ஒரு பங்கு
பெரியப்பா: இரும்புக்கு எடுத்துட்டுப் போவான். அது போதுமா உனக்கு
மாமா: சுவரு யாரு கட்றது
மாமா: கேட்டேன்
அண்ணன்: மாமா உங்ககிட்ட தாத்தாவோட ஸ்பேனர் செட் இருக்குல்ல? வேணும்
மாமா: எந்த செட்
அண்ணன்: இன்ச் செட். பழைய வண்டி, போல்ட்டெல்லாம் இன்ச் அளவு. யாரோ 17 மிமீ ஸ்பேனர அடிச்சு எறக்கப் பாத்து உள்ள போகல, 18 போட்டு தலைய உருண்டையா ஆக்கிருக்காங்க. 11/16 போடணும் அதுக்கு, 17.5 கிட்ட வரும். 19 மட்டும் முக்கால் இன்ச்சுக்கு சரியா உக்காரும், அத வெச்சு எல்லாம் சேரும்னு நெனச்சுட்டாங்க போல. சக்கர நட்டுல ரெண்டு வேற மரை, பாதி ஏறி கடிச்சு நிக்குது. கழட்டினா போல்ட்டோட வரும்
மாமா: அந்த செட் தாத்தா எனக்கு குடுத்தது
சித்தப்பா: இரவல் குடுத்தது
மாமா: என் கல்யாணத்துக்கு மறுவாரம் குடுத்தது
பெரியப்பா: அப்ப கேக்க முடியல. அதான்
அத்தை: இப்ப ஸ்பேனருக்காக சண்டையா? ஞாயித்துக்கிழம கொண்டு வருவாங்க
மாமா: பாக்கறேன்

மாலை 5:50

அண்ணன்: சரி இப்ப தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடேறற வரைக்கும் ரேடியேட்டருக்கு தண்ணி போகாம தடுக்கற வால்வு அது
பெரியப்பா: வண்டி சூடாச்சு. கழட்டினேன். மெக்கானிக்கே சொன்னான்
அண்ணன்: அவரு சொல்லிருப்பாரு பெரியப்பா எல்லாரும் அதான் சொல்றாங்க. சூடானதுக்கு காரணம் தெர்மோஸ்டாட் இல்ல, ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவுல பதரும் தூசியும் களி மாதிரி அடச்சிருக்கு, இன்னிக்கு பின்னாலருந்து தண்ணி அடிச்சேன் ஒரு கூடை வந்துச்சு. உள்ள வெறும் தண்ணி ஊத்தி ஊத்தி துரு வேற, செங்கக் கலர்ல வருது. இப்ப தெர்மோஸ்டாட் இல்லாம இன்ஜின் சூடே ஏறல, 80 டிகிரி பக்கத்துல ஓட வேண்டிய இன்ஜின் பச்சத்தண்ணில ஓடுது, டீசல் முழுசா எரியாம சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு ஆயில்ல எறங்குது. அதான் ஆயில் அளவு குறையவே மாட்டேங்குதுன்னு நாம சந்தோசப்பட்டுட்டு இருந்தோம்
தம்பி: ஏறவே செஞ்சுது
அண்ணன்: ஆமா. ஆயில் அளவு பாக்கற குச்சிய மோந்து பாரு டீசல் வாசம் அடிக்கும்
பெரியப்பா: பதினஞ்சு வருசம் ஓடுச்சு. ஒன்னும் ஆகல
அண்ணன்: சரி பெரியப்பா
குட்டி: ஆயில் மாத்தலாம்ல
அண்ணன்: மாத்த முடியாது. கீழ ஆயில வடிக்கற ட்ரெயின் பிளக் மரை போயிருக்கு, பிளக்க உள்ள வெச்சு சுத்தி எம்சீல் அப்பிருக்கு. அத ஒடச்சா பிளக் நிக்காது. அதனால இத்தன வருசமா யாரும் மாத்தல, ஊத்தினது மட்டும்தான்
நான்: எம்சீல் யாரு
சித்தப்பா: பாஸ்
மாமா: பாஸ்
அத்தை: இது என்ன ஆட்டம்
அண்ணன்: யாருன்னு வேணாம் விடுங்க. போன மரைக்கு உள்ள புது மரைக்கான கம்பிச்சுருள், அதான் காயில், போட்டு எடுத்துரலாம். டீசல் லைனும் பாத்தேன், பிளாஸ்டிக் டியூப்ப கம்பி முறுக்கி கட்டிருக்கு. ஒழுகலன்னு விட்டுருக்காங்க, ஆனா பம்ப் உறிஞ்சற பக்கம்ங்கறதால டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். அதான் ஒவ்வொரு காலையும் ஏர் எடுத்துட்டு இருந்தோம்
அம்மா: சாப்பிட வாடா இருட்டிருச்சு

இரவு 8:31

அண்ணன்: என் ஐடியா இதான். ஒரே நாள்ல எல்லாத்தையும் பிரிக்கக் கூடாது, பிரிச்சா இந்த வருசம் உழவே நடக்காது. மொதல்ல ஸ்டார்ட் ஒயர் புதுசா ஃபியூஸோட, நியூட்ரல் சுவிட்ச், ஸ்டாப் கேபிள், பிரேக். பிரேக் ரெண்டு பெடலும் ஒன்னா மிதிபடல, எடது பக்கம் ஆயில் சீல் போய் லைனிங் எண்ணெய் குடிச்சிருக்கு, பெட்ரோல்ல கழுவி மாட்டி மாட்டி வெச்சிருக்கோம், ஊறின லைனிங் கழுவினா தேறாது. முன் ஆக்சில் பீஸ் கெடைக்கற வரைக்கும் வண்டி கொட்டகைய விட்டு வெளிய வராது. மத்ததெல்லாம் அப்புறம். எத கழட்டினாலும் போட்டோ எடுத்து இங்க போடறேன்
மாமா: கோழி போட்டோ போட்றாதீங்க
அம்மா: 😡
அத்தை: செலவு?
சித்தப்பா: பங்கு பிரிச்சுக்கலாம்
பெரியப்பா: யார் ஓட்றாங்களோ அவங்க பாத்துக்கட்டும்
சித்தப்பா: உங்க நெலத்தையும் அதுதான் உழுது அண்ணா
பெரியப்பா: அது வேற
நான்: ஞாயித்துக்கிழம வீடியோ கால்ல பேசலாமா
அத்தை: எங்களுக்கு ஞாயிறு ஆகாது
அண்ணன்: மாமா ஸ்பேனர்??
மாமா: பாக்கறேன்னு சொன்னேன்ல
தம்பி: அண்ணா அந்த நியூட்ரல் ஒயர் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலல்ல
சித்தப்பா: நான் இல்லன்னு எழுதி வெச்சுக்கோ
அப்பா: நான்தான்

அம்மா: என்னது
அப்பா: சுவிட்ச் வரல. அறுப்பு நேரம். ரெண்டு நாளைக்குன்னு முறுக்கினேன்
நான்: எப்பப்பா
அப்பா: இவன் பொறக்கறதுக்கு முன்னாடி
தம்பி: 😶
சித்தப்பா: காலையிலருந்து என்ன திட்டறப்ப பாத்துட்டே இருந்தீங்களேண்ணா
அப்பா: 👍
அம்மா: இங்க வாங்க பேசிக்கறேன். போன கீழ வைங்க

இரவு 9:04

அண்ணன்: காலைல ஆறு மணிக்கு ஆரம்பிக்கறேன். அம்மா அந்த பெரிய ஸ்க்ரூடிரைவர் எங்க? ஹோஸ் கிளாம்ப் எல்லாம் கழட்டணும்
அம்மா: கெணத்துல போட்டுட்டேன்
அண்ணன்: எப்ப
அம்மா: ஏழே காலுக்கு
மாமா: என்கிட்ட ஒன்னு இருக்கு
அத்தை: அதுவும் அந்த வீட்டுதுதான்