பழைய படகு: வாங்கிய பின் ஒரு புதுப்பிப்பு

முப்பது ஆண்டுகள் ஓடிய ஃபைபர் படகொன்றை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பணம் கொடுப்பதற்கு முன் பின்பலகையை, அதாவது இன்ஜினைத் தாங்கும் படகின் பின்பக்கச் சுவரை, உள்ளே மரம் உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். அந்த அறிவுரைக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டியபோது மேற்பகுதி கணீரென்று ஒலித்தது. இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளுக்குக் கீழே வந்ததும் அந்த ஓசை மழுங்கி, ஈர மண்ணைத் தட்டுவது போலாயிற்று. விற்பவரின் அனுமதியோடு உட்புறத்தில் ஒரு சிறு துளையிட்டபோது, காய்ந்த மரத்தூளுக்குப் பதிலாகத் தேயிலைச் சக்கை போன்ற கறுத்த கூழ் வந்தது. போல்ட்டுகளைச் சுற்றி நீர் புகாமல் அடைத்திருந்த சீலன்ட் பசை வெடித்து, அதன் வழியே நீர் கசிந்து, இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவிலிருந்த பிளைவுட்டை உளுக்கச் செய்திருக்கிறது. வெளியே பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

விற்பவர் நேர்மையானவர், விலையைக் குறைத்தார், வாங்கிவிட்டேன். அடிப்பகுதியும் நீளவாட்டுத் தாங்குகட்டைகளும் உறுதியாக இருந்ததே எனக்குத் துணிவளித்தது.

இப்போது உட்புற ஃபைபரை வெட்டியெடுத்து, உளுத்த பலகையைச் சுரண்டிவிட்டேன். ஈரம் முழுவதும் காயும்வரை புதிய பலகையை ஒட்டப்போவதில்லை. ஒட்டுவதற்கான பிசின்களில் பாலியெஸ்டர் ரெசின் மலிவு என்றாலும், பழைய ஃபைபரையும் மரத்தையும் எப்பாக்ஸி என்ற பிசினே இறுகப் பற்றும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். போல்ட் துளைகளை முதலில் அகலமாகத் துளைத்து, எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் மறுபடி துளையிடுவேன். அவ்வாறு செய்தால் சீலன்ட் கைவிட்டாலும் நீர் மரத்தைத் தொடாது.