கலைச்சொல்: அடைவுச் சேவையகத்தில் ‘இண்டெக்ஸ்’ – ‘இடஞ்சுட்டி’ எனலாமா?

> டைரக்டரிக்கு ‘அடைவு’ என்று வைத்தாயிற்று. இண்டெக்சுக்கு ‘சொல்லடைவு’ போதாதா? ‘அட்டவணை’யும் புழக்கத்தில் உள்ளதே.

வணக்கம் ஐயா,

போதாது. ‘அடைவில் சொல்லடைவு சேர்க்கவும்’ என்று கையேட்டில் எழுதினால் எதில் எதைச் சேர்ப்பது என்று படிப்பவர் திகைப்பார். அட்டவணையோ டேபிளுக்குப் போய்விட்டது.

இந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்க வேண்டும் என்று பார்ப்போம். அடைவுச் சேவையகம் என்பது பயனர்களின் பெயர், கடவுச்சொல் முதலிய பதிவுகளை ஓரிடத்தில் வைத்துத் தேடித் தருவது. காட்பாடியில் ஒரு கல்லூரிக் கணினிக்கூடம், காலை 9 மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் உள்நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முன்பே, தட்டிய பயனர்பெயர் எந்தப் பதிவுக்குரியது என்று சேவையகம் தேடியாக வேண்டும். பயனர்பெயரை வைத்திருக்கும் யுஐடி பண்புக்கு (பதிவின் ஒரு புலத்துக்கு) இண்டெக்ஸ் இல்லையென்றால், ஒவ்வொருவர் நுழையும்போதும் எல்லாப் பதிவுகளையும் ஒன்றுவிடாமல் புரட்டும். ஓப்பன்எல்டாப் என்ற அடைவுச் சேவையக மென்பொருளின் லாகில் ‘யுஐடி நாட் இண்டெக்ஸ்டு’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு இங்கேதான்; நெட்வொர்க்கைக் குடைந்து பயனில்லை.

வேலூரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு முதல் இண்டெக்சை ஆட்களின் பெயருக்கும் இரண்டாவதைச் சொத்துக்கும் வைக்கச் சொல்கிறது. பெயரைக் கொண்டு தேட ஒன்று, சொத்தைக் கொண்டு தேட ஒன்று. அடைவிலும் பண்புக்கு ஒன்றாகத்தான் வைக்கிறோம்.

அதனால் என் பரிந்துரை ‘இடஞ்சுட்டி’. தமிழ்த் தேர்வில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று கேட்பார்களே, அந்த இடஞ்சுட்டல்தான் இதுவும்: வரி எங்கே வருகிறது என்று காட்டுவது.

> ‘சுட்டி’ மவுசுக்கு வழங்குகிறதே. வினையாக்கினால் எப்படி வரும்?

‘இடம்’ முன்னால் ஒட்டியிருப்பதால் மவுசோடு குழம்பாது. வினைக்கு ‘இடஞ்சுட்டு’, அன்இண்டெக்ஸ்டுக்கு ‘இடஞ்சுட்டாத’. கையேட்டு வரிகளில் வைத்துப் பாருங்கள்:

“யுஐடி, மெம்பர்யுஐடி (குழு உறுப்பினர்), யுஐடிநம்பர் (பயனர் எண்), ஜிஐடிநம்பர் (குழு எண்) ஆகியவற்றுக்குச் சமநிலை இடஞ்சுட்டி (முழு மதிப்பும் பொருந்தத் தேடுவது) வைக்கவும். உள்நுழைவுக்கு மட்டும் என்றால் யுஐடிக்குத் துணுக்கு இடஞ்சுட்டி (பெயரின் ஒரு பகுதியைக் கொண்டு தேடுவது) வேண்டாம். பதிவை எழுதும் ஒவ்வொரு முறையும் வேலை கூடும்.”

“பழைய கான்ஃபிக் (அமைவு) கோப்பில் இடஞ்சுட்டி வரியைச் சேர்த்தால் மட்டும் போதாது. ஸ்லாப்-டியை (சேவையக நிரலை) நிறுத்தி, ஸ்லாப்இண்டெக்ஸ் என்ற கருவியை ஓட்டி, பழைய பதிவுகளையும் இடஞ்சுட்டிவிட்டுக் கிளப்பவும். விட்டுவிட்டால் இடஞ்சுட்டி வெறுமையாக இருக்கும். இருக்கிற பயனரையே ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஸ்லாப்இண்டெக்ஸை ரூட்டாக (முழு அதிகாரப் பயனராக) ஓட்டக் கூடாது. சேவையகம் எந்தப் பயனராக இயங்குகிறதோ அந்தப் பயனராகவே ஓட்டவும்.”

“கோப்புக்குப் பதில் சிஎன்=கான்ஃபிக் (அடைவுக்குள்ளேயே இருக்கும் அமைவு) வழியாகச் சேர்த்தால் சேவையகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக இடஞ்சுட்டிக்கொள்ளும்.”

மூன்றிலும் சொல் தடுக்கவில்லை.

> சரி, இடஞ்சுட்டிய பிறகும் தாமதித்தால்?

அப்போது கடவுச்சொல் எந்த முறையில் பொதிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆர்கான்2 என்ற பொதிவு முறை, யாரும் கடவுச்சொல்லை ஊகிக்காதிருக்க வேண்டுமென்றே நேரம் எடுக்கும். அதை இடஞ்சுட்டி குறைக்காது. ‘ஹாஷ்’ என்பதற்கான சொல்லைத் தனி இழையில் எடுப்போம்.