பாடசாலைகளுக்கான லினக்ஸ் களஞ்சியம்: எந்தப் பொதியைப் போடுவது, எதை விடுவது?

வடமராட்சிப் பெடியன்:

வணக்கம். பருத்தித்துறைப் பக்கம் எங்கள் வாசிகசாலையில் ஒரு பழைய கணினியை சேர்வராக்கி, டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து தேவையான மென்பொருட் பொதிகளை மட்டும் பிரித்தெடுத்து, கணினிகள் அவற்றை நிறுவிக்கொள்ள ஒரு சின்னக் களஞ்சியம் நடத்துகிறேன். ஆப்ட்லி என்ற கருவியில் பொதிகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால், அவற்றுக்கு வேண்டிய துணைப் பொதிகளையும் சேர்த்து அதுவே இறக்கிவிடும். இரவு டேட்டாவில் புதுப்பித்து, வெளி ஹாட் டிஸ்க்கில் எழுதி, சுற்றவுள்ள பாடசாலைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே உள்ள கணினிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை. கோர் டூ டியோ, 2 ஜிபி ரேம். சில அதைவிடப் பழசு.

தொடங்கும்போது லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், தமிழ் எழுத்துருக்கள், ஜிம்ப், விஎல்சி, அவ்வளவுதான். இப்ப ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள். படிப்பிக்கும் சேர் ஒருவர் குரோமியம் என்ற பிரவுசரும் வேண்டும் என்கிறார். ஒரு அதிபர் பிரின்டர் கம்பனியின் டிரைவரைப் போடச் சொல்கிறார். அது டெபியனில் இல்லை, கம்பனியின் தளத்தில் தனியாகக் கிடக்கும் கோப்பு. பெடியளுக்கு முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் வேண்டும். கந்தோரில் வேலை செய்த ஒருவர், விண்டோஸில் பழகியதைப் போலவே இருக்கும் இன்னொரு இலவச ஆபிஸ் தொகுப்பைக் கேட்கிறார். ஒரு சனசமூக நிலையத்தில் விளையாட்டு எதுவுமே இருக்கக் கூடாதாம்.

யார் கேட்டாலும் சேர்ப்பதா? எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்ப்பதா? நானாக ஒன்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்றும் யோசனை வருகிறது. இப்படி நடத்தியவர்கள் என்ன அளவுகோல் வைத்திருந்தீர்கள்?

நல்லூர்வாசி:

தம்பி, தெரிவு செய்யும் கஷ்டமே வேண்டாம். 64 பிட்டுக்கு உள்ள முழுக் களஞ்சியத்தையும் இறக்கி விடுங்கள். சில நூறு ஜிபி வரும், 1 டிபி டிஸ்க்கில் அடங்கிவிடும். முதல் இறக்கத்தை நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒருமுறை செய்தால் போதும், பிறகு மாறியவை மட்டும்தான் வரும். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் லினக்ஸ் பழகியதே தெரியாத பொதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான்.

கோண்டாவில்காரி:

நல்லூர் அண்ணை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. துழாவிப் பார்க்கும் பிள்ளைக்கு நாங்கள் கதவைப் பூட்டக் கூடாது. ஆனால் டிஸ்க் இடத்தை நான் ஒரு பிரச்சினையாகவே எடுக்கவில்லை. நானும் சில வருடங்களாக கணினி வகுப்புகளுக்கு ஒரு களஞ்சியத்தைப் பார்த்து வருகிறேன். ஒரு பொதியைச் சேர்க்க முன் நான் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கு இது உடைந்தால் திருத்தப்போவது யார்? அந்த ஆள் டெபியனில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அது நீங்கள்தான் தம்பி. உங்களால் ஏலாது என்றால் பொதியை விட்டுவிட வேண்டும்.

டெபியனும் இப்படித்தான் ஓடுகிறது. 60,000க்கு மேல் பொதிகள் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பாளர் என்று ஒருவரோ ஒரு குழுவோ பெயர் போட்டிருக்க வேண்டும். அவர் விலகினால் பொதி கைவிடப்பட்டதாக அறிவிக்கப்படும். பாரதூரமான வழுவைத் திருத்தாமல் விட்டால், அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் கிளையிலிருந்தே தூக்கிவிடுவார்கள். பைத்தான் 2 என்ற நிரல்மொழிப் பதிப்பு எவ்வளவு பேருக்குப் பழக்கமாக இருந்தது! அதை உருவாக்கியவர்கள் 2020இல் கைவிட்டார்கள், 2023இல் வந்த டெபியன் 12இல் அது இல்லை.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

பிரவுசர் ஒன்று போதும். டெபியன் தன் நிலையான வெளியீட்டில் பொதிகளின் பதிப்பைச் சும்மா மாற்றாது, பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவரும். பிரவுசர்களில் அது நடக்கிற காரியமில்லை. அதனால் ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), குரோமியம் இரண்டுக்கும் புதிய பதிப்பையே முழுதாக இறக்கிவிடுகிறார்கள். குரோமியத்துக்குப் புதுப்பிப்பு அடிக்கடி வரும், ஒவ்வொரு தடவையும் பெரிய இறக்கம். நீங்கள் டிஸ்க்கில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அடுத்த முறை போகும்வரை அந்தப் பிரவுசர் ஓட்டையோடுதான் இருக்கும். இரண்டு பிரவுசர் வைத்து அந்த ஆபத்தை ஏன் இரட்டிப்பாக்க வேண்டும்? ஈஎஸ்ஆரை வைத்துக்கொண்டு, அந்த சேருக்கு எந்தத் தளம் அதில் திறக்கவில்லை என்று நேரே போய்ப் பாருங்கள்.

அந்த இலவச ஆபிஸைச் சேர்க்க வேண்டாம். காசு வாங்காமல் தருகிறார்கள்தான், ஆனால் அதை நீங்கள் பிரதி பண்ணி மற்றவர்களுக்குக் கொடுக்க அனுமதி தந்திருக்கிறார்களா என்று உரிமத்தை வாசித்துப் பாருங்கள். களஞ்சியம் நடத்துபவர் செய்யும் வேலையே பிரதி பண்ணிக் கொடுப்பதுதான். 1997இல் டெபியன் தன் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டலை எழுதியபோது முதலாவதாக வைத்ததும் இந்த மறுவிநியோக உரிமையைத்தான். பாடசாலைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதில் ஒளித்துக் கொடுக்க வேண்டிய பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம்.

கட்டற்றது அல்லாத எல்லாவற்றையும் ஒதுக்கவும் மாட்டேன். வைஃபை டொங்கிள்களுக்கு ஃபெர்ம்வெயர் (சாதனத்தை இயக்க அதற்குள் ஏறும் மென்பொருள்) இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது. டெபியனிலேயே 2022இல் இதற்கு வாக்கெடுப்பு நடத்தி, டெபியன் 12இலிருந்து ஃபெர்ம்வெயருக்குத் தனிப் பகுதி வைத்து, நிறுவும் வட்டிலும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பகுதியிலிருந்து உங்கள் கணினிகளுக்கு வேண்டியதை எடுங்கள்.

பிரின்டர் டிரைவரைத்தான் நான் கொஞ்சம் தயங்கிப் பார்ப்பேன். அந்தக் கோப்பை உங்கள் மின் கையொப்பச் சாவியால் கையொப்பமிட்டுக் களஞ்சியத்தில் வைத்தால், எல்லாப் பாடசாலைக் கணினியும் அதை நம்பும். ஒரு பொதி நிறுவப்படும்போது அதற்குள் இருக்கும் கட்டளைகள் ரூட் என்ற, கணினி முழுவதையும் ஆளும் அதிகாரத்தோடு ஓடும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் பின்கதவு வைத்தது பிடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். 5.6.0, 5.6.1 பதிப்புகள். தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட மெதுவாக இருக்கிறதே என்று அண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்திராவிட்டால் அது இன்னும் தூரம் போயிருக்கும். டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது வரவில்லை, சோதனைக் கிளைகளோடு நின்றுவிட்டது. பல கண்கள் பார்க்கும் இடத்திலேயே இந்த நிலை. கம்பனித் தளத்துக் கோப்பை உங்களைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்? எந்தக் கணினியில் பிரின்டர் இருக்கிறதோ அதில் மட்டும் கையால் நிறுவுங்கள். களஞ்சியத்தில் வேண்டாம்.

பிளெண்டர் பராமரிக்கப்படும் நல்ல பொதி. ஆனால் 2 ஜிபி ரேமில் அந்தப் பிள்ளைகள் படப்போகும் பாட்டை நினைத்துப் பாருங்கள். களஞ்சியத்தில் இருக்கட்டும், எல்லாக் கணினியிலும் தானாக ஏறும் பட்டியலில் வேண்டாம். ஈக்விவ்ஸ் என்ற கருவியைப் பாவித்து ஒரு தொகுப்புப் பொதி செய்து, அடிப்படை மென்பொருட்களை மட்டும் அதன் துணைப் பொதிகளாகக் குறியுங்கள். நல்லூர் அண்ணை கேட்கும் சுதந்திரமும் அப்போது மிஞ்சும்.

விளையாட்டை விலக்காதீர்கள். ஜிகாம்பிரிஸ் (கல்வி விளையாட்டுகள்), டக்ஸ் பெயிண்ட் (பிள்ளைகள் படம் வரைவது) இரண்டும் கட்டாயம் வேண்டும். முதன்முறை மௌஸைப் பிடிக்கும் பிள்ளை டக்ஸ் பெயிண்டில் முத்திரை குத்திக் குத்தித்தான் கை பழகும். அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். விக்கிப்பீடியாவை இணைப்பில்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் போட்டு தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்பையும் டிஸ்க்கில் வையுங்கள். இணைப்பில்லாத பாடசாலைக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

கேட்பவர்களின் எண்ணிக்கையைப் பற்றி. பொப்புலாரிட்டி கொன்டெஸ்ட் என்ற பொதியைப் பாடசாலைக் கணினியில் போட்டு, ரூட்டாக அதன் கட்டளையை ஓட்டினால், எங்கேயும் அனுப்பாமல் திரையிலேயே ஒரு பட்டியல் தரும். ஒரு மாதமாகத் தொடாத பொதிகளுக்குப் பக்கத்தில் 'ஓல்ட்' என்று குறி நிற்கும். யார் என்ன கேட்டார்கள் என்பதைவிட, எது உண்மையில் திறக்கப்படுகிறது என்று அதில் விளங்கும். ஆனால் அதைக் கண்மூடி நம்பவும் கூடாது. ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் தமிழ் எழுத்துணரிக்கான டெசரெக்ட் தரவுப் பொதியை உலகக் கணக்கில் பார்த்தால் கடைசி வரிசையில்தான் இருக்கும். எங்கள் வாசிகசாலையில் பழைய மலர்களை ஸ்கேன் பண்ணுபவருக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. எண்ணிக்கையை வைத்து வெட்டினால் முதலில் வெட்டுப்படுவது தமிழ்ப் பொதிகள்தான்.

தென்மராட்சி ரீச்சர்:

அக்கா சொன்ன பட்டியலில் பாடத்திட்டத்தைக் காணவில்லை. சாதாரண தரத்துக்கு பாஸ்கல் நிரல்மொழிக்கான ஃப்ரீ பாஸ்கல், உயர்தரத்துக்கு பைத்தான் 3ஓடு அதில் நிரல் எழுத உதவும் தொன்னி. இந்த இரண்டும் இல்லாத கணினி அறை எனக்குப் பிரயோசனமில்லை. பாஸ்கலுக்கு லாசரஸ் என்ற பெரிய தொகுப்பு முழுதும் வேண்டாம், கம்பைலரும் நிரல் எழுதும் எஃப்பி ஐடிஈயும் போதும்.

அடுத்தது தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகையை மட்டும் போட்டுவிட்டு அலுவலகத்தில் இருப்பவர்களைத் தட்டச் சொன்னால் அவர்கள் விண்டோஸுக்கே திரும்பிவிடுவார்கள். ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுப் பொதியைப் போட்டால் ரெங்கநாதன் விசைப்பலகையும் அதோடு வரும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய விரல்களுக்கு அது அந்நியமாக இராது.

ஒரு கேள்வியும் உண்டு. கடந்தகால வினாத்தாள்கள் எங்களிடம் நிறைய பாமினியில்தான் இருக்கின்றன. லிப்ரே ஆபிஸில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக்கள் கலைந்து கிடக்கும். பாமினி எழுத்துருவைப் பொதியாக்கிச் சேர்க்கலாமா?

வடமராட்சிப் பெடியன்:

மூன்று பேருக்கும் நன்றி. குரோமியத்தையும் அந்த ஆபிஸையும் எடுக்கிறேன். பாஸ்கல், தொன்னி, கிவிக்ஸ் மூன்றும் இந்த வாரமே ஏறும். ரீச்சரின் பாமினிக் கேள்வி எனக்கும் இருக்கிறது. அதோடு, இரண்டு கணினிகள் வெறும் 32 பிட். டெபியன் 13க்கு மாறினால் அவற்றை என்ன செய்வது?

கோண்டாவில்காரி:

ரீச்சர், பாடத்திட்டம் நல்ல நினைவூட்டல். எழுத்துருவை வைக்க மாட்டேன். அதன் உரிமம் பற்றித் தெளிவான தாள் ஒன்று கையில் இல்லாமல் களஞ்சியத்தில் ஏற்ற ஏலாது. அதோடு, அது இருக்கும்வரை புதிய வினாத்தாளும் பாமினியிலேயே வந்துகொண்டிருக்கும். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. உங்கள் உயர்தரப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்தால் ஒரு கோப்புறையை மொத்தமாக மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதிவிடுவார்கள். கணக்கு, விஞ்ஞானத் தாள்களை மட்டும் மாற்றியபின் கண்ணால் ஒருமுறை பாருங்கள், இடையில் வரும் ஆங்கில எழுத்துக்களும் தமிழாக மாறிவிடும்.

தம்பி, 13இல் 32 பிட்டுக்கு கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, நிறுவும் வட்டும் இல்லை. அந்த இரண்டையும் 12இலேயே வைத்திருங்கள். நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காக இரண்டு வெளியீட்டுக்கும் முழுப் பட்டியல் வேண்டாம். 12இல் எழுத்துரு, லிப்ரே ஆபிஸ், பாஸ்கல், டக்ஸ் பெயிண்ட் போதும், இணையத்தில் அவற்றை விடாதீர்கள்.

இன்னொன்று. கையொப்பச் சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் நாளைக்கு வேலைக்காகக் கொழும்புக்குப் போனால் பாடசாலைகள் ஒன்றும் புதுப்பிக்க ஏலாது. வாசிகசாலைச் செயலாளரிடம் ஒரு பிரதியை உறையில் போட்டுக் கொடுங்கள். சாவியின் காலாவதித் திகதியையும், என்னென்ன பொதி ஏன் இருக்கிறது என்று ஒவ்வொரு வரியையும் அதே உறைக்குள் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலை இங்கேயும் போட்டால், எனக்குத் தெரிந்த பொதிகளில் எவை கைவிடப்பட்டவை என்று பார்த்துச் சொல்கிறேன்.