கரண்ட் பில் உதவிக்குத் தகுதி இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்: அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிபோன தருமபுரிக்காரர்களுக்கு

பொங்கலுக்குப் பாலக்கோடு வந்திருக்கிறேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியப்பா கைபேசியோடு எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அவருடைய இளைய மகன் குடும்பம் போன செப்டம்பரில்தான் பென்சில்வேனியாவுக்குப் போனது. அங்கேயே குடியுரிமை பெற்றுவிட்ட மூத்தவர் தம்பிக்காக மனுப்போட்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கிடைத்த கிரீன் கார்டு. டிசம்பர் மாத மின் கட்டண ரசீதைப் படம் எடுத்து மகன் அனுப்பியிருக்கிறார். 2,140 யூனிட், 398 டாலர்.

பெரியப்பாவின் கண் தொகைக்குப் போகவில்லை, யூனிட்டில்தான் நின்றது. "மீட்டர் கோளாறா கண்ணு? நம் வீட்டில் கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடியும் இரண்டு மாதத்துக்கு 180 தாண்டவில்லையே" என்றார்.

மீட்டரில் கோளாறு இல்லை. அந்த வீட்டில் சுவரடியை ஒட்டி நீளமாக ஓடுகிற மின் ஹீட்டர்தான் ஒரே வெப்பம். அங்கே ரசீதில் கிலோவாட் மணி என்று போடுவதும் நம் யூனிட்டும் ஒன்றுதான். வெளியே உறைபனி, உள்ளே இரண்டு குழந்தைகள், ஒற்றைக் கண்ணாடி சன்னல்கள். 2,140 யூனிட் ஓடத்தான் செய்யும். எங்கள் முதல் குளிர்காலத்தில் ஊரிலிருந்து கொண்டுபோன பழைய நூல் சேலைகளை மடித்துச் சன்னலின் அடி இடுக்கில் திணித்து வைத்திருந்தேன். காலையில் தொட்டுப் பார்த்தால் சேலையின் ஓரம் பனியில் விறைத்திருக்கும்.

"அங்கே அரசு தரும் மின் கட்டண உதவிக்கு விண்ணப்பித்தாரா?" என்று கேட்டேன். "அவன் சம்பளக்காரன் ஆயிற்றே, அவனுக்கு யார் கொடுப்பார்கள்?" என்றார் பெரியப்பா. மகனும் அதையேதான் சொன்னாராம். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் என் வீட்டுக்காரரும் இதையே சொல்லிக்கொண்டு, கிடைத்திருக்கக்கூடிய உதவியைக் கேட்காமலே ஒரு குளிர்காலம் முழுவதும் கடன் அட்டையில் பில் கட்டினோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் மனதில் இருப்பது நம் ஊர் அளவுகோல். மகளிர் உரிமைத் தொகையை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலை 24 அன்று நம் தொப்பூரில்தான் அதன் விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் என்று அதில் வரம்பு. பெரியப்பா மகனின் வீடு அந்த 3,600 யூனிட்டை ஏழெட்டு வாரக் குளிரிலேயே தாண்டிவிடும். வருமானத்தை டாலரிலிருந்து ரூபாய்க்குப் பெருக்கினால் பல லட்சம் வருகிறது. உடனே நாம் வசதியானவர்கள் ஆகிவிடுகிறோம். வாடகை, காப்பீடு, பெட்ரோல் எல்லாம் டாலரிலேயே போவது அந்தப் பெருக்கலில் சேர்வதில்லை.

அந்த அமெரிக்க உதவித் திட்டத்தின் பெயர் லைஹீப் (LIHEAP). குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டு எரிசக்திச் செலவுக்கு உதவ 1981இல் சட்டமாகி வந்தது. பணம் கூட்டாட்சி அரசுடையது, நடத்துவது மாநிலங்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்குச் சட்டம் ஓர் உச்சவரம்பை வைத்திருக்கிறது: கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 150 சதவீதம், அல்லது மாநில இடைநிலை வருமானத்தின் 60 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. இடைநிலை வருமானம் என்றால், மாநிலத்தின் குடும்பங்களை எல்லாம் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். மாநிலம் விரும்பினால் வரம்பைக் குறைக்கலாம், ஆனால் வறுமைக்கோட்டின் 110 சதவீதத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. பென்சில்வேனியாவும் டெக்சஸும் 150 சதவீதக் கணக்கைப் பின்பற்றுகின்றன. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் ஆகியவை 60 சதவீதக் கணக்கை. பின்னது பெரும்பாலும் இன்னும் தாராளமானது.

2025ஆம் ஆண்டு வறுமைக்கோடு நான்கு பேர் குடும்பத்துக்கு 32,150 டாலர். அதன் 150 சதவீதம் 48,225. ரூபாயில் 40 லட்சத்தைத் தாண்டும் தொகை இது. இவ்வளவு வாங்குகிற குடும்பத்தை உதவிக்குரிய குடும்பம் என்று அந்த நாடே சொல்கிறது. நாம்தான் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம்.

திண்ணையிலேயே பெரியப்பாவோடு கணக்குப் போட்டோம். மகனுக்குக் கிடங்கில் மணிக்கு 20 டாலர், வாரம் 40 மணி நேரம். ஆண்டுக்கு 41,600. மருமகள் கடையில் வாரம் பத்து மணி நேரம், மணிக்கு 12 டாலர். 6,240. மொத்தம் 47,840. வரம்புக்குள் 385 டாலர் இடைவெளியில் நிற்கிறார்கள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தார்.

இந்த 385 டாலர்தான் எல்லோரும் தடுமாறும் இடம். டிசம்பரில் கிடங்குகளில் கூடுதல் நேர வேலை கிடைக்கும். அந்த ஒரு மாதச் சம்பளச் சீட்டை மட்டும் பன்னிரண்டால் பெருக்கினால் வரம்பு தாண்டிவிடும். சில மாநிலங்கள் கடைசி ஒரு மாதத்தைப் பார்க்கின்றன, சில மூன்று மாதத்தை, சில ஓராண்டை. எந்தக் காலத்தைக் கணக்கில் எடுப்பார்கள், வேறு காலத்தைக் காட்ட வழி உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே வாய்விட்டுக் கேளுங்கள். அடுத்தது, கைக்கு வரும் சம்பளத்தை வருமானமாக எழுதாதீர்கள். நான் முதல்முறை விண்ணப்பித்தபோது வங்கியில் விழுந்த தொகையைத்தான் எழுதினேன். சம்பளச் சீட்டில் வேறு தொகை இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்து மூன்று வாரம் போய்விட்டது. பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத்தை அப்படியே எழுதுங்கள். விதிப்படி கழிக்க வேண்டியது ஏதும் இருந்தால் அவர்கள் கழித்துக்கொள்வார்கள்.

குடும்பம் என்பதற்கும் அங்கே தனி இலக்கணம் உண்டு. நம் ஊரில் தனி ரேஷன் கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் அல்லவா? அங்கே பார்ப்பது மின்சாரத்தையும் எரிவாயுவையும். ஒரே பொருளாதார அலகாகச் சேர்ந்து வாழ்ந்து, எரிசக்தியைப் பொதுவில் வாங்குகிறவர்கள் ஒரு குடும்பம். நாங்கள் முதல் சில மாதங்கள் நாத்தனார் வீட்டில் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் இருந்தோம். அப்போது விண்ணப்பித்திருந்தால் நாத்தனார், அவர் கணவர் இருவர் வருமானமும் சேர்ந்திருக்கும். தனி வாடகை வீட்டுக்குப் போன நாளிலிருந்து கணக்கு மாறுகிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தாராளமாக உரிமை உண்டு. வெப்பச் செலவு வாடகையோடு சேர்ந்திருந்தாலும் சட்டம் அவர்களை விலக்கவில்லை.

இனி எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் கேட்பது: "கிரீன் கார்டுக்கு ஆபத்து வருமா? நான் பார்த்துக்கொள்வேன் என்று மனுவோடு கையெழுத்துப் போட்ட அண்ணனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?" கிரீன் கார்டு உள்ளவர்கள் உணவு உதவி, மருத்துவ உதவி போன்ற சில திட்டங்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். லைஹீப் அந்தப் பட்டியலில் இல்லை. வந்த ஆண்டே விண்ணப்பிக்கலாம். மனுப்போட்டவரிடம் அரசு திருப்பிக் கேட்கக்கூடிய உதவிகளிலும் இது சேராது. குடியுரிமை விண்ணப்பத்தில் இப்படி உதவி பெற்றீர்களா என்ற சோதனையும் கிடையாது. கிரீன் கார்டுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அரசுக்குச் சுமையாவாரா என்று பார்க்கும் சோதனையில் 2022இல் வந்த விதி எரிசக்தி உதவியைச் சேர்க்கவில்லை. அந்த விதியையே நீக்கும் முன்மொழிவு 2025 நவம்பரில் வந்தது. ஆகவே அவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எதையும் செய்யட்டும்.

எச்-1பி, எல்-1 வேலை விசாவிலும் எஃப்-1 மாணவர் விசாவிலும் இருப்பவர்களுக்கு வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த உதவிக்குத் தகுதி இல்லை. நிரந்தர வசிப்பாளர், அகதி போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்குத்தான் இது. அங்கேயே பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால் அந்தக் குழந்தையின் பங்குக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள் மின் நிறுவனத்தை அழைத்து, ஆண்டுச் செலவைப் பன்னிரண்டு சம தவணையாகக் கட்டும் வசதியைக் கேளுங்கள். பாக்கி இருந்தால் தவணை ஒப்பந்தம் கேளுங்கள். அதற்கு யாரும் விசாவைப் பார்ப்பதில்லை.

இணைப்பைத் துண்டிப்போம் என்று கடிதம் வந்துவிட்டவர்கள் சாதாரண வரிசையில் நிற்காதீர்கள். நெருக்கடி உதவி என்று தனியே உண்டு. 48 மணி நேரத்துக்குள், உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 18 மணி நேரத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பென்சில்வேனியாவில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் வருமானம் உள்ள வீடுகளின் இணைப்பை, மின் நிறுவனங்களைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்தின் அனுமதி இல்லாமல் மின் நிறுவனம் துண்டிக்க முடியாது. பாக்கி கூடிக்கொண்டேதான் இருக்கும், ஏப்ரலில் வந்து நிற்கும். அதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

ஒதுக்கிய பணம் தீர்ந்தால் வாசல் மூடிவிடும் திட்டம் இது. தகுதி இருக்கிறது என்பதற்காகவே பணம் வந்துவிடாது. 2025-26 குளிர்காலப் பருவத்தில் கூட்டாட்சி அரசு முடங்கியதால் பென்சில்வேனியாவில் திறப்பே டிசம்பருக்குத் தள்ளிப்போனது. உங்கள் மாநிலத்தில் எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாவிட்டால் 211 என்ற எண்ணை அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தமிழின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சமூகப் பாதுகாப்பு எண், வீட்டில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டு, கடைசி மின் ரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நம் ஊர் தாலுகா அலுவலகம் தரும் வருமானச் சான்றிதழ் அங்கே வேண்டியதில்லை, சம்பளச் சீட்டுத்தான் சான்று. பணம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது, நேரே மின் நிறுவனத்தின் கணக்கில் போய் விழும். பென்சில்வேனியாவில் 2025-26 பருவத்துக்கு, நெருக்கடி உதவி அல்லாத வழக்கமான உதவி 200 டாலரிலிருந்து 1,000 டாலர் வரை.

பெரியப்பா நாட்காட்டியில் போகிப் பண்டிகைத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் வரம்புகளை எழுதித் தரச் சொன்னார். 2025 கணக்குப்படி, 150 சதவீதம் பின்பற்றும் மாநிலங்களுக்கு எழுதினேன் (அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனிக் கணக்கு). ஒருவர் என்றால் 23,475 டாலர். இருவர் 31,725. மூவர் 39,975. நால்வர் 48,225. ஐவர் 56,475. அதற்கு மேல் ஆளுக்கு 8,250 கூட்டிக்கொள்ள வேண்டும். வறுமைக்கோட்டை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் திருத்துவார்கள், அதனால் விண்ணப்பிக்கும் நாளில் எந்த ஆண்டின் வரம்பு நடப்பில் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பியபோது இங்கே மணி ஏழு. அங்கே காலை எட்டரை. கிடங்கில் வேலை தொடங்கியிருக்கும். இரவு களி கிண்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பா மறுபடியும் வந்து வாசலில் நின்றார். சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கும் இருக்கிறதாம், வாடகை ஒப்பந்தத்தில் மருமகள் பெயர் இல்லையாம், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை, அதே முகவரிக்கு அவள் பெயரில் வந்த ஏதாவது ஒரு கடிதம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள் என்றேன்.