டேப் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு நடந்தது

மஞ்சக்குப்பம் வாசி:

வயது 52, இரண்டு சுகப்பிரசவம். நாலைந்து வருடமாகவே தும்மினால், இருமினால் சிறுநீர் கசியும். கடலூரில் பஸ் ஏறி பாண்டிச்சேரி போய்ச் சேர்வதற்குள், வழியில் வரும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நனைந்துவிடும். கைப்பையில் எப்போதும் மடித்த பருத்தித் துணி இரண்டு. "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கீகல் பயிற்சி (சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசையை இறுக்கி விடுவது) செய்தேன். குறைந்தது, நிற்கவில்லை. போன வருடம் டேப் வைத்தார்கள். சிறுநீர்ப் பாதைக்கு அடியில் தூளி கட்டின மாதிரி, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பிளாஸ்டிக் இழை வலை. சின்ன ஆபரேஷன்தான்.

மறுநாள் காலை, சிறுநீர் வடிய வைத்திருந்த டியூபை எடுத்தார்கள். பாத்ரூமில் உட்கார்ந்து, தண்ணீர்ச் சத்தம் கேட்டாலாவது வருமென்று குழாயைத் திறந்துவிட்டேன். பக்கெட் நிரம்பி வழிந்தது, எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. ஸ்கேனில் 600 மில்லி தேங்கியிருந்தது. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்று மறுபடி டியூப் போட்டு, பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் டியூபை எடுத்த பிறகும் முக்கி முக்கித்தான் போனது. வேறொரு டாக்டரிடம் ஓடினோம். டேப் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, அதே தையலைப் பிரித்துத் தளர்த்தினார். அன்று சாயங்காலமே தாராளமாகப் போனது. நான் அழுதுவிட்டேன்.

இப்போது தும்மினால் கசிவதில்லை. ஆனால் திடீரென்று அடக்க முடியாத அவசரம் வருகிறது, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்படி அடைக்கலாம், அவசரம் வரலாம் என்று முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் தயாராக இருந்திருப்பேன். ஆங்கிலத் தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

அரியாங்குப்பம் தோழி:

அக்கா, எனக்கும் டேப் வைத்து மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வெள்ளைப்படுதலில் ரத்தத் திட்டு. 'ஏதோ குத்துகிறது' என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் போய்க் காட்டினேன். வலை பிறப்புறுப்பின் உள்தோலைத் தாண்டி வெளியே தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் கிரீம் போட்டும் மூடவில்லை, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். இங்கிலாந்தில் 2018-லேயே இந்த வலை வைப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வயிற்றுத் தசை மேல் இருக்கும் சவ்விலிருந்தே பட்டை எடுத்து வைக்கும் முறையும் இருக்கிறதாம். தழும்பு பெரிது, தேறவும் நாளாகும். இருந்தாலும் அதையும் சொல்லி என்னைத் தேர்ந்தெடுக்க விட்டிருக்கலாம்.

மஞ்சக்குப்பம் வாசி:

தங்கச்சி, படித்ததும் திக்கென்றது. மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது, போன வாரம் லேசாகச் சிவப்பு பட்டது. சூடு என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை போய்க் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.